நாலாவது ஆள்

இல்லைங்க வக்கீலம்மா, நான் யாரையும் அடிக்கலை. உக்காருங்க. அரை மணி நேரம்தான் உங்களை என்கூடப் பேச விடுவாங்களாமே, அதுக்குள்ள சொல்லிடறேன்.

நான் ஸ்டேஷனுக்கு வந்ததே ஓட்டு விஷயமாத்தான். ஞாயித்துக்கிழமை தேர்தல், அன்னிக்குப் பார்த்து வெளியூர்ல, ப்ரெஸ்ட்ல, தங்கச்சி குழந்தைக்கு ஞானஸ்நானம். என் ஓட்டைப் பக்கத்து வீட்டு மொரீசெத் போடட்டும்னு எழுதிக் கொடுக்க வந்தேன், அதை ஸ்டேஷன்லதானே கொடுக்கணும். கையெழுத்துப் போட்டு முடிச்சதும் இன்ஸ்பெக்டர் வந்து, மிஸ்யே ஃபோவெல், ஒரு அஞ்சு நிமிஷம் ஒதவுங்க, அடையாள அணிவகுப்புக்கு உங்க உயரத்துல ஒரு ஆள் குறையுதுன்னாரு. சும்மா நிக்கறதுதானேன்னு போனேன். ஆமா, யாரும் கட்டாயப்படுத்தலை. என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்.

அஞ்சு பேரு. போலீஸ் சந்தேகத்துல பிடிச்சு வச்சிருந்தவன் ரெண்டாவது, நான் நாலாவது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பேக்கரிக்காரம்மா, மதாம் வெர்தியே. போன மாசம் அவங்க கடையில கொள்ளை நடந்து, புருஷன் மண்டை உடைஞ்சு செத்தாரே, அவங்கதான். அவங்களுக்கும் தலையில அடி. எல்லாம் கலங்கிப்போய் ஒரே ஒரு மொகம்தான் ஞாபகத்துல நிக்குதாம். நாலுன்னு சொல்லிட்டாங்க. மூணு தடவை கேட்டும் நாலுதான்.

மொதல்ல இன்ஸ்பெக்டரே சிரிச்சாருங்க. ஒரு பேச்சுக்கு, கொள்ளை நடந்த அன்னிக்குக் காலைல எங்க இருந்தீங்கன்னாரு. வீட்ல தூங்கிட்டிருந்தேன்னேன். ஏழு மணிக்கு என் போன் அந்த பேக்கரி இருக்கற தெருவுல இருந்ததைக் கண்டுபிடிச்சுட்டாங்க. அதுக்கப்புறம் யாரும் சிரிக்கலை. ரெண்டாவது ஆளை விட்டுட்டாங்க. என் பெல்ட்டு, மூக்குக்கண்ணாடியெல்லாம் பிடுங்கிட்டாங்க. உங்க மொகம்கூட எனக்குத் தெரியலைம்மா. பயமா இருக்கு. இருபது வருஷமா ஸ்கூல் கேன்டீன்ல சூப் ஊத்தறவன் நான்.

அந்தம்மா குழம்பிட்டாங்கன்னே வாதாடலாம்தான்.

இல்லைங்க. அவங்க குழம்பலை.

எங்க தெரு பேக்கரிக்கு அன்னிக்கு லீவு, அதான் மொத தடவையா அந்தம்மா கடைக்குப் போனேன். கதவைத் தொறந்தா, அவங்க புருஷன் ரத்தத்துல கெடக்காரு. ஒருத்தன் முதுகைக் காட்டிக்கிட்டுக் கல்லாவை நோண்டறான். அந்தம்மா தரையில இருந்து என்னையே பார்த்தாங்க. கையை நீட்டினாங்க. நான் சத்தம் வராம கதவைச் சாத்திட்டேன்.

என் போனா? கையிலதான் இருந்துச்சு.

தெரியும்மா, உதவாமப் போனா அதுவும் இங்க குத்தம். கால் மணி நேரம் முன்னாடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருந்தா அவரு பொழைச்சிருப்பாருன்னு டாக்டர் சொன்னாராம். பேப்பர்ல படிச்சேன்.

அதுக்கப்புறமா? போலீஸ்கிட்டல்லாம் போகலைங்க. ரெண்டு தெரு தள்ளி இன்னொரு பேக்கரி இருக்கு. வரிசையில நின்னு ரொட்டி வாங்கிட்டு, வீட்டுக்குப் போயிட்டேன்.