நுழைவாயில் திரையில் நாற்பது நிமிடம்

என் பெயரும் விலாசமும் முதல் தாளில் உள்ளபடி சரி. வயது எழுபத்தொன்று. மருத்துவமனை ஒன்றின் கொள்முதல் பிரிவில் முப்பத்துநான்கு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மனைவி காலமாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. தனியாக வசிக்கிறேன். இந்தப் புகாரைக் கொடுத்திருக்கும் மனுதாரர் என் ஒரே மகள். நேற்று இந்தக் காவல் நிலையத்தில் பார்த்ததைச் சேர்க்காவிட்டால், அவளை நான் கடைசியாகப் பார்த்துப் பதின்மூன்று ஆண்டுகள் ஆகின்றன.

எங்கள் பகுதியின் திறந்தவெளி அரங்க நுழைவாயிலில், வெயிலும் மழையும் தாங்கும் திரை ஒன்றும் ஒலிபெருக்கிகள் இரண்டும் வைப்பதென்று நிர்வாகக் குழு முடிவு செய்து, தேர்ந்தெடுக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தது. அதற்கு எனக்குத் தகுதி உண்டா என்பதில் இன்றும் சந்தேகம்தான். மூன்று கடைக்காரர்கள் திரைகளைக் கொண்டுவந்து ஆளுக்கொரு அருவியும் கிளியும் போட்டுக் காட்டினார்கள். அருவியும் கிளியும் எந்தத் திரையிலும் அழகாகத்தான் இருக்கும். ஆகவே மூன்றிலும் ஒரே படம் ஓட வேண்டும் என்றேன். நிறம் பிசகினால் மனித முகத்தில் உடனே தெரியும் என்பதால் முகம் வேண்டும் என்றும், அறிவிப்புகளே முக்கியம் என்பதால் ஒலிபெருக்கிக்குப் பாட்டு வேண்டாம், பேச்சு வேண்டும் என்றும் சொன்னேன். இவை நியாயமான காரணங்கள் என்றே இப்போதும் நினைக்கிறேன்.

அதன் பிறகு வீட்டிலிருந்து ஒரு பென் டிரைவ் கொண்டுவந்தேன். அதில் என் மகள் இருபத்துநான்கு வயதில், சிவப்புச் சட்டையில், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிரிக்கும் படமும், அவள் ஒருமுறை என் தொலைபேசியில் விட்டிருந்த செய்தியும் இருந்தன. "அப்பா, பஸ் லேட்டு. நீங்க சாப்பிட்டுடுங்க. எனக்காக உக்காந்திருக்காதீங்க." மொத்தம் ஒன்பது விநாடி.

மதியம் இரண்டு மணி வெயிலில் முதல் திரையில் முகம் வெளுத்தது. இரண்டாவதில் குழாய்த் தண்ணீரை இருபது நிமிடம் அடித்த பிறகு கண்ணாடிக்குள் ஆவி படிந்தது. மூன்றாவதில் கன்னத்து மச்சம் வரை தெளிவாகத் தெரிந்தது. ஒரு ஒலிபெருக்கி நனைந்ததும் அவளுக்குச் சளி பிடித்தது போல் ஒலித்ததால் அதை நீக்கினேன். ஒரே நாளில் முடித்திருக்கலாம். நான்கு நாள் எடுத்துக்கொண்டேன். அரங்கத்தின் மின்பணியாளர், "சார், அந்தப் பொண்ணு சொல்றதையாவது கேளுங்க. மணி மூணாச்சு, போய்ச் சாப்பிடுங்க" என்று சிரித்தார். அவளை அவருக்குத் தெரியாது.

அதன் பிறகு மூன்றாவது திரையைப் பொருத்தும்போது அவர் என்னிடம், "ஆபீஸ்லேருந்து படம் வர்ற லைன் கட்டாச்சுன்னா உள்ள மெமரில இருக்கிறதுதான் சார் ஓடும். அரங்கத்தோட சின்னத்தைப் போட்டுட்டு, இந்தப் பொண்ணு படத்தை, பேச்சை எல்லாம் அழிச்சிடட்டுமா?" என்று கேட்டார். சின்னமும் அதே பென் டிரைவில் இருந்தது. நான், "இருக்கட்டும், பிறகு சொல்றேன்" என்றேன். பதினோரு வாரங்கள் சொல்லவில்லை. என் மகள் வேலை பார்க்கும் பல் மருத்துவமனை அதே சாலையில் இருப்பது உறவினர் மூலம் எனக்குத் தெரியும். அதை மறுக்கவில்லை.

சென்ற வெள்ளிக்கிழமை மாலை நாலு மணி பத்து நிமிடத்துக்குப் பெருமழையில் கம்பிப் பெட்டிக்குள் தண்ணீர் புகுந்து அந்த இணைப்பு போயிற்று. திரையில் அவள் முகம் எட்டடி உயரத்துக்கு வந்தது. குரலும் திரும்பத் திரும்ப ஒலித்தது. குடையோடு வரிசையில் நின்றவர்களில் ஒருவர், "சரிம்மா, நாங்க சாப்பிட்டாச்சு!" என்று கத்த, எல்லோரும் சிரித்தார்கள். ஒரு பெண், "யாரு இது, காணாமப் போன பொண்ணா?" என்றார். நான் கூரைக்கடியில் நின்றிருந்தேன். சுவிட்ச் அறை எனக்கு நாலடி பின்னால். சாவி என் சட்டைப் பையில். மேலாளர் வந்து அணைக்கும் வரை நாற்பது நிமிடம் நான் அணைக்கவில்லை. சாலையின் இரு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வரவில்லை.

அதன் பிறகு யாரோ அதைப் படம் பிடித்து, காணாமல் போனவர் என்று பரப்பியதில், அவளுக்கு அன்றிரவே பதினேழு பேர் போன் செய்திருக்கிறார்கள். அவள் புகார் கொடுத்தாள். மின்பணியாளர் விளையாட்டுக்குச் செய்தார் என்று மேலாளர் அவரை வேலையை விட்டு நிறுத்தினார். அவர் என்னிடம், "நீங்க பெரியவரு சார். நான் பாத்துக்கிறேன், விடுங்க" என்றார். விட முடியவில்லை. ஆனாலும் ஒரு நாள் முழுவதும் யோசித்துவிட்டு நேற்றுத்தான் நானாக வந்தேன். அவர் மீது எந்தத் தவறும் இல்லை.

நேற்று இந்த நிலையத்தின் நடையில் மனுதாரர் என்னைப் பார்த்து, "வீட்ல வாயைத் தொறக்க மாட்டீங்க. ரோட்டுல மட்டும் ஸ்பீக்கர் வெப்பீங்களா?" என்று கேட்டாள். நான் நின்றேன். "அதுலயும் நான்தாம்ப்பா பேசுறேன். நீங்க எங்க பேசுனீங்க?" என்றாள். கண்ணாடி போட்டிருக்கிறாள். எப்போதிலிருந்து என்று தெரியவில்லை.

இன்று உதவி ஆய்வாளர், வேறு ஏதாவது சேர்க்க வேண்டுமா என்று கேட்டார். சேர்க்க வேண்டும். பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன், யாரைத் திருமணம் செய்யப்போகிறாள் என்று அவள் சொன்னதும், இனி இந்த வீட்டுப் படி ஏறாதே என்று அவள் அம்மா சொன்னபோது, நானும் அதே அறையில் இருந்தேன். செய்தித்தாளைப் பிரித்து முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தேன். அந்தத் திருமணத்தில் எனக்கு மறுப்பு இல்லை. அதற்கு முந்தைய வாரமே பையனின் அலுவலகத்துக்குப் போய், யாரென்று சொல்லாமல் அவரோடு பேசிவிட்டு வந்தேன். எனக்குப் பிடித்திருந்தது. இதை அன்றும் சொல்லவில்லை, பிறகும் யாரிடமும் சொல்லவில்லை. கோபத்தால் அல்ல, பயத்தால்.

"இது கேஸுக்குத் தேவையில்லையேய்யா" என்றார் உதவி ஆய்வாளர். எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டேன். எழுதினார். இதன் நகல் ஒன்றை மனுதாரருக்குக் கொடுக்கவும் வேண்டுகிறேன்.

மேலே கண்டதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். 'நாலு நிமிடம்' என்றிருந்ததை 'நாற்பது' என்று திருத்தச் சொன்னேன். மற்றபடி யாரும் சொல்லிக் கொடுக்காமல் நானே சொன்னது, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்)

குறிப்பு: நகல் மனுதாரரிடம் கொடுக்கப்பட்டது. பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துக் கேட்டதற்கு, படித்துவிட்டுப் போடுவதாகச் சொல்லி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்.