சிவப்பு டேப் ஒட்டிய பெட்டி

இந்த அறையில் ஃபேன் லேசாக உறுமுகிறது சார். பேரிங்கில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் அடங்கிவிடும். குறையாகச் சொல்லவில்லை. விவரம் தெரிந்த நாளிலிருந்து சத்தத்தோடு குப்பை கொட்டுகிறவன், காது சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

என் வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். மேடைக்கு எதிரே, கூட்டத்துக்காக, சத்தங்களைக் கலக்கும் மிக்ஸர் ஒன்று இருக்கும். மேடை ஓரத்தில் இன்னொன்று இருக்கும். அது வாசிக்கிறவர்களின் காதுக்காக. ஒவ்வொருவர் காதிலும் இயர்போன், இடுப்பில் அதற்கான சின்னப் பெட்டி. பாடகருக்குத் தன் குரல் தூக்கலாக வேண்டும், டிரம்மருக்கு கிட்டார் குறைவாக வேண்டும். ஆளுக்கு ஏற்ற மாதிரி கலந்து அனுப்புவேன். யார் காதில் என்ன விழுகிறது என்பது அவருக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். புருஷன் பெண்டாட்டிக்குள்கூட அவ்வளவு அந்தரங்கம் கிடையாது.

அந்தப் பாட்டுக் குழுவுக்கு நான் வேலைக்காரனாகப் போகவில்லை, ரசிகனாகப் போனேன். மீசை முளைக்காத வயதில் முதல் வரிசையில் நின்று தொண்டை கட்டக் கத்தினேன். பிறகு, யாரும் கேட்காமலே ஒயர் சுருட்டினேன். "இந்தப் பய நம்மள விட்டுப் போக மாட்டான்போல. ஏதாவது வேலை கத்துக் குடுங்கடா" என்று பாடகர்தான் சொன்னார். அன்றிலிருந்து எனக்கு அவர் அண்ணன். என் கல்யாணத்தன்று சாயங்காலம் அவர்களுக்கு நிகழ்ச்சி இருந்தது, போய்விட்டேன். "உங்களுக்குக் கல்யாணம் ஆனது என்கூடவா, அந்தக் கும்பல்கூடவா?" என்று என் மனைவி இன்றைக்கும் கேட்பாள். நியாயமான கேள்விதான்.

போன வருஷம் அண்ணன் ஒரு வயலின்காரியைக் குழுவில் சேர்த்தார். நன்றாக வாசிப்பாள், இல்லையென்று சொன்னால் என் வாய் அழுகிவிடும். அவள் வாசிக்கும்போது அண்ணன் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார். இத்தனை காலத்தில் என் பக்கம் அவர் திரும்பியதெல்லாம் சத்தத்தைக் கூட்டு என்று விரலை உயர்த்திக் காட்டத்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்காது. மத்தியானச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

குழுவின் நன்மைக்காக ஒரு சின்ன ஏற்பாடு செய்தேன். அவள் காதுக்குப் போகும் டிரம் சத்தத்தை மட்டும் ஒரு இம்மி தாமதமாக அனுப்பினேன். பாவம், தன் காதில் விழுந்ததற்கு அவள் சரியாகத்தான் வாசித்தாள். வெளியே இருந்தவர்களுக்குத்தான் தாளம் பின்னால் இழுத்தது. எல்லா நாளும் செய்யவில்லை. அப்படிச் செய்தால் கருவியைச் சந்தேகப்படுவார்கள். ஒருநாள் சரியாக விடுவேன், ஒருநாள் இழுத்துவிடுவேன். கொஞ்ச நாளில் வில்லைத் தூக்கும் முன்னால் அவள் காலால் தாளம் தட்டிப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தாள். எல்லோரும் தடியன் என்று கூப்பிடும் டிரம்மர்தான் முதலில் பொறுமை இழந்தார். "மச்சான், ஒண்ணு அவ இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்று அண்ணனிடம் சொன்னார். அவளை அனுப்பிவிடுவார்கள் என்றுதான் நானும் எதிர்பார்த்தேன். அண்ணன் என்ன சொன்னார் தெரியுமா சார்? "அவளுக்குத் தாளம் தெரியாம இல்லடா. ஏதோ போட்டு அவளை வாட்டுது. நான் அவ பக்கம்தான் நிப்பேன்."

குழு கலைந்ததை நான் போனில்தான் பார்த்தேன். பல் துலக்கிக்கொண்டிருந்தேன். எங்கோ டிக்கெட் வாங்கி ஒரு தரம் பார்த்தவனுக்கும் எனக்கும் ஒரே நேரத்தில் சேதி வந்தது. அவர்களில் ஒருத்தர்கூட என்னைக் கூப்பிட்டுச் சொல்லவில்லை. மனைவிக்குக் கேட்கக்கூடாதென்று குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அந்தச் செய்திக்குக் கீழே ரசிகர்கள் வரிசையாக ஒப்பாரி வைத்திருந்தார்கள், என் இளமையே போச்சு, என் உயிரே போச்சு என்று. இவர்களுக்கு என்ன போச்சு என்று பற்றிக்கொண்டு வந்தது. துக்கப்படுவதில்கூட எனக்குப் போட்டிக்கு ஆள் வர வேண்டுமா?

பிறகு அண்ணன் கூப்பிட்டார். "தம்பி, நானும் அவளும் சேர்ந்து புதுசா ஒண்ணு ஆரம்பிக்கிறோம். காதைப் பாத்துக்க நீதான் வரணும். வேற யாரையும் நம்ப மாட்டேன்."

போனேன். மத்தியானம், காலி அரங்கில் ஒத்திகை. காதுக்குப் போகும் சத்தம் அளவு மீறாமல் இருக்க ஒரு தடுப்பு வைத்திருப்போம். அதை எடுப்பது எங்கள் தொழிலில் பெரும் பாவம். அன்று எடுத்தேன், ஒரே ஒரு பெட்டிக்கு மட்டும். அது அவளுடையது, சிவப்பு டேப் ஒட்டியது. அண்ணனுடையதில் நீல டேப்.

இரண்டாவது பாட்டுக்கு முன்னால் அவள் பெட்டி கரகரத்தது. அண்ணன் தன் பெட்டியைக் கழற்றி அவளிடம் நீட்டினார். "நீ இதை மாட்டிக்கோம்மா. உன்னோடதை வெச்சு நான் சமாளிச்சுக்கிறேன்." பெட்டியை மாற்றினால் என்னிடம் சொல்ல வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அவர்கள் சொல்லவில்லை. என் வக்கீல் அதைத்தான் பிடித்துக்கொண்டு தொங்குகிறார். "குனிஞ்சு மிக்ஸரைப் பாத்துட்டிருந்தேன், கை தவறி டெஸ்ட் சத்தத்தோட பட்டன்ல பட்டுடுச்சுன்னு சொல்லுங்க. விபத்துன்னு முடிஞ்சிடும்" என்கிறார். என் மனைவியும் அதையே சொல்லி அழுகிறாள். நல்ல யோசனைதான். ஆனால் என் கை தவறாது சார். விபத்து என்று முடித்தால் அது யாரோ எழுப்பிய சத்தம் என்று ஆகிவிடும்.

நான் குனிந்திருக்கவில்லை. பெட்டி கை மாறியதைப் பார்த்தேன். அண்ணன் இடுப்பில் சிவப்பு டேப் நன்றாகத் தெரிந்தது. என் விரல் பட்டன்மேல் இருந்தது. எடுத்திருக்கலாம், அதற்கு நேரமும் இருந்தது. அப்போது அவர் அவள் பக்கம் திரும்பிச் சிரித்தார். கருவிகளைச் சோதிக்க வைத்திருக்கும் ஒற்றை ஒலியை முழு அளவில் வைத்து அழுத்தினேன். அவர் சுருண்டு விழும்வரை விரலை எடுக்கவில்லை.

ஒரு காது போயே போய்விட்டது என்கிறார் டாக்டர். மற்றதில் வேறு எதுவும் விழுவதில்லை, ஒரே ஒரு கீச்சொலி மட்டும் ராப்பகலாக நிற்காமல் கேட்கிறதாம். இனி அவருக்குப் பாட்டு கிடையாது. அவளோடும் சரி, வேறு யாரோடும் சரி.

அங்கே உட்கார்ந்து என் வாக்குமூலத்தை எழுதுகிறவர் 'பொறாமையால்' என்று எழுதுகிறார், இங்கிருந்தே தெரிகிறது. அந்த ஒரு வார்த்தையை மட்டும் அடித்துவிடச் சொல்லுங்கள் சார். நான் யாரைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டும்? இந்த நிமிஷம்வரை அவர் கேட்டுக்கொண்டிருப்பது நான் அனுப்பியதைத்தான்.