கூடைக்குள் மாப்பிள்ளை

அறுபதுகளில் ஒரு காலை, நத்தத்திலிருந்து திண்டுக்கல்லுக்குப் போன பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஒரு அம்மாள் துணியால் மூடிய கூடையை மடியில் வைத்திருந்தார். அதற்குள் பூனை கத்தியது. பக்கத்தில் பூத்தொடுத்துக்கொண்டிருந்த பூக்காரி திரும்பிப் பார்த்தாள்.

“மாப்பிள்ளை,” என்றார் அந்த அம்மாள். “எங்க வீட்டுப் பூனைக்கு.”

“ஏன்க்கா, திண்டுக்கல்லுல கடுவனே இல்லையா?”

“இல்லாம என்ன. எங்க தெருவுல திரியுறது பூராம் அவ அண்ணன் தம்பிகதான். அதுகளோடயே சேந்து, போன தடவை போட்ட குட்டியில ஒண்ணுக்குக் கண்ணு தெரியல. ஒண்ணு பால் குடிக்கத் தெம்பில்லாமச் செத்துப்போச்சு. மாட்டாஸ்பத்திரி டாக்டரு, சொந்தம் இல்லாத கடுவனாப் பாருங்கன்னாரு. அதான் ஊரு விட்டு ஊரு வந்து, நாத்தனா வீட்டுல இருந்து இவனைக் கொண்டுபோறேன்.”

“நாத்தனாவுக்கு ஏது பூனை?”

“அவ வீட்டுல எலி அம்புட்டு இருந்துச்சு. நாந்தான் ஒரு குட்டி குடுத்துவிட்டேன். அது பெத்த பய இவன்.”

பூக்காரியின் கை நின்றது. “அந்தக் குட்டி எந்த வீட்டுப் பூனை பெத்ததுக்கா?”

அந்த அம்மாள் கூடையைப் பார்த்தார். 

“எங்க வீட்டுப் பூனைதான். நம்ம வீட்டுக் கல்யாணம் மாதிரியே சொந்தத்துக்குள்ளயே பண்ணிப்புட்டேன்,” என்றார். இருவரும் சிரித்த சிரிப்பில் கூடை குலுங்கியது.

“எங்க வீட்டுல ஒரு செவலைக் கடுவன் திரியுது. சாணார்பட்டியில எறங்குங்கக்கா. இவரு எங்க ஊருலயே பொண்ணு பாத்துக்கட்டும்.”

சாணார்பட்டியில் இருவரும் எழுந்தார்கள்.

“உங்களுக்குத் திண்டுக்கல் டிக்கெட்டுல்லம்மா?” என்றார் கண்டக்டர்.

“மாப்பிள்ளையை மாத்தணும்ப்பா. செத்த நிறுத்து.”