நல்ல காது

கேசட்டை வெயிலில் வைக்கக் கூடாது. பலரிடம் சொல்லியிருக்கிறேன், யாரும் கேட்டதில்லை. பஸ் ஜன்னலோரம் வைப்பார்கள், சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு போவார்கள், பிறகு நாடா சுருங்கிவிட்டது என்று என்னிடம் வந்து நிற்பார்கள். என்னிடம் முந்நூற்றுப் பதினேழு கேசட்டுகள் இருக்கின்றன. ஒன்றுகூடச் சுருங்கியதில்லை. நான் எப்படிப்பட்டவன் என்று நேற்று விசாரணையில் கேட்டீர்கள், ஐயா. பொருள்களைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறவன் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

நான்கு தாள் கொடுத்து, நடந்ததைச் சொந்த வார்த்தைகளில் எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். எழுதுவது எனக்குப் பழக்கமானதுதான். மறைமலை நகரில் உள்ள, இரும்பைக் காய்ச்சி அடிக்கும் நம் ஃபோர்ஜிங் தொழிற்சாலையின் டைம் ஆபீசில் பதினோரு வருடமாக இருக்கிறேன். யாருக்கு எந்த ஷிப்ட் என்று பட்டியல் போடுவது, கையுறை, கண்ணாடி, காதுமூடி எல்லாம் ஆட்களுக்கு வழங்கிக் கையெழுத்து வாங்குவது, இதெல்லாம் என் வேலை. இது வயிற்றுக்காக. மற்றபடி நான் ஓர் இசை விமர்சகன்.

தாம்பரத்தில் இனியவன் என்ற நண்பர் 'ஒலிப்பாதை' என்று ஒரு மாதப் பத்திரிகை நடத்துகிறார். சைக்ளோஸ்டைல் செய்த பதினாறு பக்கம், அறுபத்திரண்டு சந்தாதாரர்கள். அதில் கடைசி இரண்டு பக்கமும் நான்கு வருடமாக என்னுடையவை. முற்போக்கு ராக் என்று ஓர் இசை உண்டு. மூன்று நிமிடத்தில் பாட்டு முடிந்துவிடக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருக்கும் இசை. இருபது நிமிடம் ஓடும். ஏழு எண்ணிக்கையில் போகும் தாளம் திடீரென்று ஐந்துக்கு மாறும். ஆர்கன் வரும், புல்லாங்குழல் வரும், யாராவது கடலலையைப் பதிவு செய்து நடுவில் செருகியிருப்பார்கள். என் மைத்துனர் சரக்குக் கப்பலில் ரேடியோ ஆபீசர். இறங்கிய துறைமுகங்களிலெல்லாம் இந்தக் கேசட்டுகளை வாங்கி அனுப்புவார். இத்தாலி, போலந்து, ஸ்வீடன், ஜப்பான், அர்ஜென்டினா. ஒவ்வொன்றையும் கேட்டு ஐந்துக்கு இத்தனை நட்சத்திரம் என்று போடுவேன். வண்டலூருக்குத் தெற்கே இந்த வேலையைச் செய்கிறவன் நான் ஒருவன்தான். வடக்கே யாராவது இருந்தால் கடிதம் போட்டிருப்பார்கள்.

தாவீதைப் பற்றிச் சொல்லும் முன் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். எனக்கு அவரை மிகவும் பிடிக்கும்.

அவர் படப்பைக்காரர், முப்பத்து நான்கு வயது, இன்ஸ்பெக்‌ஷனில் வேலை. லாரி அச்சுக்கான துண்டுகள் அடித்து ஆறிய பிறகு அவர் மேஜைக்கு வரும். சின்னச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டுவார். மணி போல ஒலித்தால் நல்ல துண்டு, ஒலி மங்கினால் உள்ளே விரிசல். அவர் ஒதுக்கிய துண்டை அறுத்துப் பார்த்தால் தலைமுடி அளவு விரிசலாவது இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் படப்பை சர்ச்சில் ஆர்கன் வாசிப்பார். மெஷின் வைத்துச் செய்ய வேண்டியதை இந்த ஆள் காதால் செய்கிறார் என்று ஒர்க்ஸ் மேனேஜர் வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லுவார். என் நான்கு வருட விமர்சனங்களைப் பற்றி அவர் யாரிடமும் சொன்னதாகத் தெரியவில்லை.

'ஒலிப்பாதை'யைத் தாவீதுக்கு அறிமுகம் செய்தது நான்தான். ஜனவரி இதழில் ஒரு போலந்துக் குழுவுக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தேன். 'பத்து நிமிடம் நீளும் ஒப்பாரி. கரகரத்த ஆண்குரலில் ஒரு தேசத்தின் துயரம்' என்று எழுதியிருந்தேன். நல்ல வரி. இப்போதும் நல்ல வரிதான். தாவீது அந்தக் கேசட்டை இரவல் வாங்கிப் போனார். மூன்றாம் நாள் கேன்டீனில், எதிரில் நான்கு பேர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. அது பாடறது பொம்பளை சார்."

"போலந்துக்காரர்கள் குரல் அப்படி இருக்கும்" என்றேன்.

"இல்ல சார். கவர்ல எட்டு நிமிசம்னு போட்டுகீது. நீங்க பத்துன்னு எழுதிகீறீங்க. உங்க டேப் செட்டுல பெல்ட்டு லூசாயி மெதுவா ஓடியிருக்கும், அதான் குரல் கனமாயிட்டுது. என் தம்பி துபாய்லேர்ந்து குடுத்தனுப்பின செட்டுல போட்டுப் பாத்தேன், கல்யாணத்துல ஆடற மாதிரி ஜம்முனு போவுது. ஒப்பாரியெல்லாம் இல்ல சார்."

எதிரில் இருந்த நால்வரில் ஒருவர் ஹாமர் ஆபரேட்டர் அப்பாவு. வல்லம் வடகால் ஆள். போலந்து எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. ஆனாலும் சிரித்தார். "இன்னா சார், ஆம்பளையா பொம்பளையான்னு தெரியாமயா நட்சத்திரம் போட்ட?"

அந்த ஞாயிறு சர்ச் முடிந்ததும் தாவீது நேராக என் வீட்டுக்கு வந்தார். என் செட்டைக் கழற்றி, கையோடு கொண்டுவந்திருந்த புது ரப்பர் பெல்ட்டை மாட்டி, சுத்தம் செய்து கொடுத்தார். காபி குடித்தார். போகும்போது அலமாரியிலிருந்த இத்தாலியக் கேசட்டைப் பார்த்துவிட்டு, "போன வருசம் இதுக்கு எழுதினீங்களே, நடுவுல ஒன்றரை நிமிசம் சத்தமே இல்லாம வுட்டது பெரிய துணிச்சல்னு? அது அழிஞ்சுபோன எடம் சார். யாரோ தெரியாம ரெக்கார்டு பட்டனை அமுக்கிட்டிருப்பாங்க" என்றார். பரிவோடுதான் சொன்னார். அவரிடம் எதுவும் பரிவில்லாமல் வராது. அதுதான் அவரிடம் எனக்கிருந்த ஒரே கஷ்டம்.

மார்ச் இதழில் இனியவன் 'திருத்தம்' என்று கட்டம் கட்டிப் போட்டார். ஏப்ரலில் என் இரண்டு பக்கத்தில் ஒன்றைத் தாவீதுக்குக் கொடுத்தார். ஜூனில் மற்றொன்றையும். அவருடைய விமர்சனம் ஐந்து வரிக்கு மேல் போகாது. 'ஜப்பான் குழு. இரண்டாம் பாட்டில் டிரம்ஸ் வாசிப்பவர் ஓரிடத்தில் பிந்துகிறார். அதைத் திருத்தாமல் விட்டிருக்கிறார்கள். அதனால் நன்றாக இருக்கிறது.' இவ்வளவுதான். இதற்கு ஒரே மாதத்தில் பதினோரு வாசகர் கடிதங்கள். எனக்கு நான்கு வருடத்தில் இரண்டு வந்தன. ஒன்று மைத்துனர் எழுதியது.

கேசட்டுகள் அப்போதும் எனக்குத்தான் வந்தன. மே மாதக் குண்டுவெடிப்புக்குப் பிறகு ஸ்ரீபெரும்புதூர் சாலையில் பையைத் திறந்து காட்டாமல் யாரும் போக முடியவில்லை. ஒரு காவலர் அர்ஜென்டினா கேசட்டைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். நான் படித்த பல விமர்சனங்களைவிடக் கவனமான விமர்சனம். அதையும் வீட்டுக்குக்கூடக் கொண்டுபோகாமல் தாவீதிடம் கொடுத்தேன். பொறாமைக்காரன் கொடுப்பானா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அதற்கு முன் ஏப்ரலில், தொழிற்சாலையின் ஆலோசனைப் பெட்டியில் நான் ஒரு யோசனை எழுதிப் போட்டேன். துண்டு ஆறும்வரை காத்திருக்காமல், ஹாமர் அடிக்கும் இடத்திலேயே ஒரு நல்ல ஆளை உட்காரவைத்து அளவு பார்க்கச் சொன்னால் கழிவு குறையும் என்று. கழிவு உண்மையிலேயே குறைந்தது. யோசனைக்கு முதல் பரிசு கொடுத்தார்கள், ஐந்தடுக்கு எவர்சில்வர் கேரியர். நல்ல ஆள் யார் என்று மேனேஜர் என்னைக் கேட்டார். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? தாவீதைவிட நல்ல ஆள் இல்லையே.

இப்படித்தான் இரண்டாம் எண் ஹாமரிலிருந்து எட்டடி தள்ளி அவருக்கு ஒரு ஸ்டூல் போடப்பட்டது. அது மூன்று டன் ஹாமர். அங்கே நிற்கும்போது சத்தம் காதில் கேட்பதில்லை, பல்லில் கேட்கிறது. அதனால்தான் காதுமூடி கொடுக்கிறோம். தாவீதுக்கு நானே எடுத்துக் கொடுத்தேன், பதினான்காம் எண். யாருடையதோடும் மாறிவிடக் கூடாது என்று பட்டையில் வெள்ளைப் பெயிண்டால் பெயர்கூட எழுதினேன். போட்டுப் பார்த்துவிட்டு, "அப்பாவுதைவிட லேசா கீது சார்" என்று சந்தோஷப்பட்டார்.

பாதுகாப்பு வாரத்தில் விநியோகிக்க என்னிடம் ஒரு கையேடு உண்டு. யாரும் படிப்பதில்லை, நான் படித்திருக்கிறேன். சத்தத்தால் காது கெடும்போது முதலில் உயர்ந்த ஒலிகள் போகும் என்று அதில் எழுதியிருக்கிறது. சைக்கிள் மணி, சிள்வண்டு. பேச்சு கடைசியில்தான். அதனால் பாதிக்கப்பட்டவருக்கே வெகுநாள் தெரியாது.

ஆகஸ்டில் தாவீது டைம் ஆபீசுக்கு வந்தார். கையில் ஸ்வீடன் கேசட்.

"சார், இதுல டிரம்ஸு கீது, ஜால்ரா மாதிரி அந்தத் தட்டு சத்தம் மட்டும் இல்ல. என் செட்டு போயிட்டுதா இன்னான்னு தெரியல. நீங்க கேட்டீங்களா?"

நான் கேட்டிருந்தேன். தட்டுகள் கேசட் முழுக்கப் பளபளவென்று ஒலித்தன.

"ஸ்வீடனில் அப்படித்தான் பதிவு செய்வார்கள், தாவீது. அது அவர்கள் பாணி" என்றேன்.

"அப்படியா சார்? நல்லவேளை, கேட்டேன்."

செப்டம்பர் இதழில் அப்படியே எழுதினார். 'தட்டே இல்லாமல் டிரம்ஸ் வாசிக்கும் துணிவு.' அக்டோபரில் வாசகர் ஒருவர் அந்தப் பிழையைச் சுட்டிக்காட்டி, நாகரிகமான மொழியில் கடிதம் எழுதினார். செங்கல்பட்டு முகவரி. அந்த வாசகர் நான். தாவீது அதைப் படித்துவிட்டு, தனக்கு இப்போது ஒன்றும் சரியாகக் கேட்கவில்லை, வேறு யாரையாவது எழுதச் சொல்லுங்கள் என்று இனியவனுக்கு எழுதிவிட்டார். நவம்பரில் இரண்டு பக்கமும் எனக்கே திரும்பின. கேட்டு வாங்கவில்லை, அவர்களாகக் கொடுத்தார்கள்.

அத்தோடு முடிந்திருக்கும். என் பங்குக்கு நான் முடித்துவிட்டேன் என்றே சொல்லலாம். அவரைப் பழைய இன்ஸ்பெக்‌ஷன் மேஜைக்கே திரும்பப் போட்டதும் நான்தான். ஆனால் அங்கே அவர் தட்டி அனுப்பிய துண்டுகளில் ஒன்பது விரிசலோடு திரும்பி வந்தன. ஒன்று ஓடுகிற லாரியிலேயே உடைந்திருந்தது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றார்கள். கவனக்குறைவு என்று தாவீதின் மேல் குற்றப்பத்திரிகை தயாரானது. அதை டைப் அடித்தது நான். பிழையில்லாமல் அடித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

போன வாரம் அவர் மனைவி ஞானம்மா வந்தார். கையில் பதினான்காம் எண் காதுமூடி. வியர்வை நாற்றம் போகத் துவைக்கலாம் என்று உள்ளே பிரித்தாராம்.

"பரசுராமன் சார், இதுக்குள்ள பஞ்சுதான் இருக்குமா?"

"ஆமாம்மா. கம்பெனியிலிருந்து அப்படித்தான் வருகிறது."

"அப்பாவு அண்ணனுதை வாங்கிப் பிரிச்சுப் பாத்தேன் சார். அதுல கெட்டியா ஸ்பாஞ்சு மாதிரி இன்னாவோ கீது. இது மருந்துக்கடைப் பஞ்சு. நான் ஆஸ்பத்திரியில ஆயா வேலை பாக்கறேன் சார், எனக்குத் தெரியாதா?"

அவர் சத்தம் போடவில்லை. காதுமூடியை என் மேஜைமேல் வைத்தார்.

"கோயில்ல பாட்டு முடிஞ்சப்பறமும் வாசிச்சுக்கினே கீறாரு சார். யாரும் ஒண்ணும் சொல்றதில்ல. பாஸ்டரு வந்து தோள்மேல கை வச்சாத்தான் நிறுத்தறாரு. வூட்டுல பொண்ணு கூப்பிடறது கேக்கல. உங்களைப் போயிப் பாருன்னு அவருதான் அனுப்பினாரு. சாருக்கு எல்லாம் தெரியும், சார் எனக்குச் செய்வாருன்னாரு."

அதன் பிறகு அவர் நேராக யூனியன் ஆபீசுக்குப் போனார். அங்கிருந்துதான் விஷயம் உங்களிடம் வந்தது.

நீங்கள் கேட்டவற்றுக்கு ஒவ்வொன்றாகப் பதில் எழுதுகிறேன். காதுமூடிக்குள் இருந்த ஸ்பாஞ்சை வெட்டி எடுத்துவிட்டுப் பஞ்சு வைத்தது நான். ஏப்ரல் இரண்டாம் வாரம், ஸ்டோர் ரூமில், மதியச் சாப்பாட்டு நேரத்தில். ஆகஸ்டில் ஆட்களின் காதைச் சோதித்த டாக்டர், தாவீதின் அட்டையில் 'உடனே இடம் மாற்றவும்' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார். அந்த அட்டை ஃபைலில் இல்லை என்று சொன்னீர்கள். அது என் வீட்டு அலமாரியில், ஸ்வீடன் வரிசைக்குப் பின்னால் இருக்கிறது. கசங்கியிருக்காது. அதைப் படித்த பிறகும் அக்டோபர் கடைசிவரை, எழுபது ஷிப்டுக்கு, அந்த ஸ்டூலில் அவர் பெயரையே போட்டேன். ஒரு ஷிப்ட் குறைத்திருந்தாலும் பேச்சுச் சத்தமாவது முழுதாகத் தங்கியிருக்குமா என்று டாக்டரிடம் கேட்டீர்களாம். இருக்கலாம் என்றாராம். அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவில்லை.

வருத்தப்படுகிறேனா என்று கடைசியாகக் கேட்டிருக்கிறீர்கள். வருத்தம்தான். அறுபத்திரண்டு சந்தாதாரர்களில் இந்த இசையை உண்மையிலேயே கேட்டவர் அவர் ஒருவர். மற்றவர்கள் படிக்கிறார்கள், அவ்வளவுதான்.

டிசம்பர் இதழுக்கு அர்ஜென்டினாக் குழுவைப் பற்றி எழுதி அனுப்பிவிட்டேன். நான்கு நட்சத்திரம். அதில் பிழை இருந்தால் கண்டுபிடிக்கக்கூடியவர் இந்த வட்டாரத்தில் இப்போது யாரும் இல்லை. இனியவனும் படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஆகவே அதில் பிழை இல்லை.