டின்னுல கெடந்த முப்பத்தோரு சீட்டு

பாத்தியா, பாத்தியா? மொகத்த அந்தப் பக்கம் திருப்பிக்கினு போறா பாரு! எதிர்வீட்டு அமலோற்பவந்தான், வேற யாரு. கடைக்குப் போறா. நான் ஒருத்தி இங்க கொழாயடியில நிக்கிறேன், கண்ணு தெரியாதா அவளுக்கு? இன்னியோட இருவத்தோரு நாளு. எண்ணிக்கினுதான் வரேன்...

நீ கொடத்த வெய்யி, கார்குழலி. தண்ணி சன்னமாத்தான் வருது, ரொம்பறதுக்குள்ள சொல்லிட்றேன். உங்கூட்டுக்காரரு தட்டாஞ்சாவடி கம்பெனியிலருந்து ஆறு மணிக்குத்தான வருவாரு, என்ன அவசரம்? மாடிக்குக் குடி வந்து பத்து நாளு ஆவுது, எதிர்ல யாரு எவருன்னு உனக்கும் தெரியவேணாமா?

எங்களுக்கு இது தவக்காலம். நீ வீராம்பட்டினத்துப் பொண்ணு, ஆடி மாசம் அம்மனுக்கு விரதம் இருப்பீங்க இல்ல, அந்த மாதிரின்னு வெச்சிக்கயேன். நாப்பது நாளு வாயக் கட்டி, மனசக் கட்டி இருக்கணும். நான் இந்த வருஷம் காப்பியில சக்கரய உட்டேன். ஐயோ, அத ஏன் கேக்குற! கஷாயம் மாதிரி இருக்குது. டாக்டரு ஆறு வருஷமா சொல்லிக்கினு இருந்தாரு, அவருக்காக உடல, ஆண்டவருக்காக உட்டேன். ரெண்டு தபா தவறிச்சி. ரெண்டே ரெண்டு. மூணாவது... அது கல்யாண வீட்டுப் பாயசம். காப்பிக் கணக்குல அது சேராது.

என்னா சொல்லிக்கினு இருந்தேன்? ஆங், டின்னு.

எங்க தெருவுக்கு ஒரு சிஸ்டர் வந்து செபக்கூட்டம் நடத்துவாங்க. இந்த வருஷம் புதுசா ஒண்ணு சொன்னாங்க. அவங்கவங்க கிட்ட இருக்கிற ஒரு பலவீனத்த சீட்டுல எழுதுங்க, பேரு போடாதீங்க, மடிச்சி டின்னுல போடுங்க, நாப்பது நாளும் அத அடக்கப் பாருங்கன்னாங்க. ஈஸ்டருக்குக் கோயில்ல புது நெருப்பு மூட்டுவாங்க, அதுல கொட்டி எரிச்சிடலாம், ஒருத்தரும் படிக்கப்போறதில்லன்னாங்க. நல்ல யோசனதான். பிஸ்கட் டின்னுக்கு ஊதாக் காயிதம் சுத்தி, மூடியில ஓட்ட போட்டு, டேப்பு ஒட்டி, யாரு வீட்ல வெக்கிறதுன்னு பேச்சு வந்துது. ரெஜினாம்மா கணக்குல கறாரு, அவங்க வீட்லயே இருக்கட்டும்னாங்க. என்னத்தான் சொல்றாங்க, நான் கேக்கல. அவங்களாத்தான் சொன்னாங்க.

மொத்தம் முப்பத்தோரு பேரு. எல்லாரும் போட்டாங்களான்னு எப்டித் தெரியும்? டின்ன ஆட்டிப் பாத்து எண்ண முடியுமா? ஒண்ணு கொறஞ்சாலும் எனக்குச் சோறு எறங்காது. அதனால டேப்ப உரிச்சேன். எண்ணத்தான்! படிக்க இல்ல. எண்ணினேன், சரியா முப்பத்தொண்ணு. மூடத்தான் போனேன். ஒரு சீட்டு தானா பிரிஞ்சி கெடந்துது, கண்ணுல பட்டுடுச்சி...

சிரிக்காத பொண்ணே.

ஒம்போது பேரு செல்போனுன்னு எழுதியிருக்காங்க. ஒம்போது! கோவம்னு ஆறு பேரு. ஒருத்தரு மீனு இல்லாம சாப்ட முடியலன்னு எழுதியிருக்காரு. யாருன்னு சொல்லமாட்டேன், பாவம், கோயில்ல மணி அடிக்கிறவரு. மணி அடிக்கிறது ஒருத்தருதான்... இருந்தாலும் பேர நான் சொல்லல பாரு.

ஆமா, எல்லாத்தையுந்தான் படிச்சேன். சரி. தானா பிரிஞ்சி கெடந்துதுன்னேன் இல்ல, அதுவும் இல்ல. மடிச்சிதான் கெடந்துது. நான்தான் பிரிச்சேன்.

இருவத்தி நாலாவது சீட்டு. காலண்டர்ல கிழிச்ச தேதித்தாளு. எங்க தெருவுல தேதித்தாள வீணாக்காம பின்னாடி எழுதறவ ஒருத்திதான். அமலு. பிரிக்கிறதுக்கு முன்னாடியே தெரியும், தெரிஞ்சிதான் பிரிச்சேன். என்னா எழுதியிருந்தா தெரியுமா? "ரெஜினா வாயத் தெறந்தா எனக்கு எரிச்சலா வருது. ஆண்டவரே, எனக்குப் பொறுமையத் தாரும்."

எப்டி இருக்கும் எனக்கு? நீயே சொல்லு. நான் என்னா அவ்ளோவா பேசறேன்?

...கொடம் வழியுது பாரு! நிறுத்து, நிறுத்து. அடுத்தத வெய்யி.

படிச்சத மனசோட வெச்சிக்கினு இருந்தா வம்பே இல்ல. வெள்ளிக்கெழம தோறும் கோயில்ல சிலுவப்பாத நடக்கும். சேசு சிலுவ சொமந்தத நெனச்சி பதினாலு எடத்துல நின்னு செபம் சொல்றது. மூணு வெள்ளிக்கி முன்னாடி அது முடிஞ்சி வெளிய வரோம். பதினாலு எடத்துலயும் முட்டி போட்டு எழுந்த நான், கோயில் வாசல்ல, எட்டு பேரு எதிர்ல, முந்தானையில முடிஞ்சி வெச்சிருந்த அந்தச் சீட்ட எடுத்து சத்தமாப் படிச்சேன். "இதான் உன் லட்சணமா?"ன்னு கேட்டேன். அவ கண்ணுல தண்ணி நின்னுது. செருப்ப மாட்டிக்கினு போயிட்டா. மறுநாளு சிஸ்டர் வந்து டின்ன வாங்கினு போயிட்டாங்க.

தப்பு யாரு மேல? ம்? நீ சொல்லமாட்ட. எல்லாரும் இப்டித்தான் மூஞ்ச வெச்சிக்கிறாங்க.

நேத்து உக்காந்து ஒரு கணக்குப் போட்டேன். தவக்காலம் வந்தா வெள்ளிக்கெழம நாலே முக்காலுக்கு எங்கூட்டுக் கேட்டத் தட்டி "வரியா ரெஜினா"ம்பா. இருவத்தாறு வருஷம், வருஷத்துக்கு ஏழு வெள்ளி. இந்த வருஷத்துல மூணு. நூத்தி எம்பத்தஞ்சி தபா. போவும்போதும் நான்தான் பேசுவேன், வரும்போதும் நான்தான் பேசுவேன். எங்கூட்டுக்காரரு செத்தப்ப பதினோரு நாளு ஒரே கதையத் திருப்பித் திருப்பிச் சொன்னேன். பக்கத்துல உக்காந்து புதுசாக் கேக்கற மாதிரி கேட்டா.

அவளுக்கு எரிச்சலு வந்துதாம்! ஒரு நாளு காட்டுனாளா? ஒரு தபா மொகஞ்சுளிச்சாளா? அத்தினி தபாவும் அடக்கி வெச்சிருக்கா. அதுவும் போதல, இன்னும் பொறுமை வேணும்னு கேட்டு எழுதியிருக்கா. நான் டின்னத் தெறக்கலன்னா சாவற வரைக்கும் எனக்குத் தெரிஞ்சே இருக்காது, கார்குழலி. நான் என்னாத்த அடக்குனேன்? ஒரு ஸ்பூன் சக்கர. அதுலயும் மூணு தபா... ஆமா, மூணுதான்.

இன்னிக்கி வெள்ளி, அடுத்த வெள்ளி சேசு செத்த பெரிய வெள்ளி. கோயில்ல சிலுவைய முத்தி செய்ய, முத்தம் குடுக்கத்தான், போவணும். இவள இப்டி அழ வெச்சிட்டு எந்த வாயால முத்தி செய்வேன்?

மன்னிப்புக் கேட்டாப் போதும், தெரியுது. நாலு நாளா சொல்லிப் பாக்கறேன். "மன்னிச்சிக்க அமலு"ன்னு ஆரம்பிக்கிறேன், ஒடனே "ஆனா நீயும் அப்டி எழுதலாமா"ன்னு வாயி தானா ஓடுது. அந்த "ஆனா"வ என்னால நிறுத்தவே முடியல. சீட்டுல அதத்தான் எழுதியிருக்கணும் நான்.

யே... திரும்பி வரா. கிட்ட வந்துட்டா. நீயும் வா எங்கூட... வேணாம், நீ தண்ணியப் பாரு. நானே போறேன்.

அமலு.

மன்னிச்சிக்க அமலு. தப்பு என்னிது.

...

ம்.

...

ம்.

...

நாலே முக்காலுக்கு வரேன்.