சுண்ணாம்புத் தண்ணி

கேட்டுச்சா? இப்பத்தான்... பொளக்னு. பின்பக்கத்துல. உங்களுக்குக் கேக்கலயா? சரி விடுங்க நர்ஸம்மா. கூரைத் தண்ணி குழாய் வழியா பீப்பாய்ல சொட்டுது, அவ்வளவுதான். பகல்லயும் சொட்டத்தான் செய்யுது, பகல்ல யாரு காது குடுக்கறா. இருட்டினப்புறம்தான் ஒவ்வொரு சொட்டும் ஆள் வந்து நிக்கிற மாதிரி விழும். நவம்பர் பாருங்க, டீ நேரத்துக்கே இருட்டிப் போச்சு.

உக்காருங்க. இல்ல, சோஃபாவுலயே உக்காருங்க. சமையல்கட்டுல ஒரு நாற்காலிகூட இல்லையேன்னுதான பாக்குறீங்க? எல்லாம் பக்கத்து வீட்டு மொயாகிட்ட இருக்கு. அவ மாமியாருக்குப் பிறந்தநாள் விருந்து வருது, இப்பவே எடுத்துட்டுப் போடின்னு குடுத்தேன். விருந்து அடுத்த மாசம்தானே கிளோடான்னு எம் பேரச் சொல்லிக் கேட்டா. பரவாயில்ல, வெச்சுக்கோன்னேன். ஸ்டூலையும் சேத்துக் குடுத்தேன். குழந்தை பொறந்ததுல இருந்து இவளுக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு ஒரு பார்வை பாத்தா பாருங்க.

டீ போடறேன். வேண்டாம்னா? அது மரியாதைக்குச் சொல்றது. திரும்பவும் வேண்டாமா? அது கூச்சம். மூணாவது தடவ சொன்னீங்கன்னா நான் கோவிச்சுப்பேன். ஆனா முன்னாடியே சொல்லிடறேன், மேல ஒரு ஏடு மிதக்கும். பாலேடு இல்ல, எங்க குடியிருப்புத் தண்ணியோட ஏடு. கெட்டில இப்படிக் குலுக்கினா, கேளுங்க, சுண்ணாம்பு படிஞ்சு படிஞ்சு ஜல்லி உருளுது உள்ள. எங்க வீட்டுக்காரர் ஃபெர்கல் சொல்லுவாரு, நம்ம தண்ணிய குடிக்க முடியாதுடி, மென்னுதான் முழுங்கணும்னு. அவருக்கு எல்லாமே சிரிப்புதான். லாரி ஓட்டுறவரு, லாரியோட கப்பல் ஏறிப் போயி பாதி நாள் அக்கரையில இருக்காரு. சுண்ணாம்புக்கும் அவருக்கும் என்ன.

நான் மேக்கே பொறந்தவ. சதுப்பு நிலம். எங்க வீட்டுக் குழாய்த் தண்ணி லேசா டீ நிறத்துல இருக்கும், பாக்கறவங்க முகம் சுளிப்பாங்க. ஆனா சோப்பைத் தொட்டாப் போதும், முழங்கை வரைக்கும் நுரை. இங்க தேய்ச்சுத் தேய்ச்சுப் பாத்தா திரிஞ்ச பால் மாதிரிதான் வருது. தொட்டியச் சுத்தி சாம்பக் கலர்ல கோடு. அதுலதான் டோனலைக் குளிப்பாட்டினேன். தலை நின்னதுமே ஆரம்பிச்சுது, கழுத்துல, முழங்கால் மடிப்புல, செக்கச்செவேல்னு தடிப்பு. ராத்திரியெல்லாம் சொறிஞ்சு சொறிஞ்சு... கையுறை போட்டுப் படுக்க வெக்கிறேன் நர்ஸம்மா, எம்புள்ள கைய நானே கட்டிப் போடற மாதிரி இருக்கு.

ஆமா, டாக்டர்கிட்டப் போனேன். களிம்பு குடுத்தாரு. நெறைய பிள்ளைங்களுக்கு வரும், வளரவளரப் போயிடும்னாரு. தடவறேன். தடவாம இல்ல.

அப்புறம்தான் அந்த ஆள் வந்தான். வாசல் வாசலா ஏறி, தண்ணியில இருக்கிற சுண்ணாம்பை எடுத்து மிருதுவாக்குற மெஷின் விக்கிறவன். மொயா முகத்துலயே கதவை சாத்திட்டா. எனக்குத்தான் முடியல, கான்வென்ட்ல வளத்த வளப்பு, வந்தவங்கள உள்ள கூப்பிட்டுத் தொலைக்கும். குழாய்ல ஒரு கிளாஸ் பிடிச்சான், சின்னக் குப்பியில இருந்து சொட்டு விட்டான். தண்ணி அப்படியே வெளுத்து, திப்பித் திப்பியா அடியில இறங்குச்சு. இதுலதான் பிள்ளையக் குளிப்பாட்டுறீங்களான்னு கேட்டான். அவ்வளவுதான் கேட்டான். மிரட்டக்கூட இல்ல.

தெரியும், தெரியும். ஃபெர்கலும் இதையேதான் சொன்னாரு. சுண்ணாம்பு இருக்கிற தண்ணின்னா அப்படித்தான் வெளுக்கும், அது குடிச்சா எலும்புக்கு நல்லது, கவுன்சில்லயே சுத்தமான தண்ணின்னு சொல்றாங்கன்னு. மெஷின் வேண்டாம்னு அவன அனுப்பியும் வெச்சாரு. உப்புப் போட்டு ஓட்டுற மெஷினாம், அந்தத் தண்ணியில குழந்தைக்குப் பால் கரைக்கவும் கூடாதாம். எல்லாம் எனக்குப் புரியுது. புரிஞ்சு என்ன? குழாயத் திறக்கறப்பல்லாம் அந்தக் கிளாஸ்தான் கண்ணுல நிக்குது.

அம்மாதான் போன்ல சொன்னாங்க, மழைத் தண்ணியவிட மிருதுவான தண்ணி உண்டாடின்னு. பீப்பாய் வாங்கி வெச்சேன். கொதிக்க வெச்சு, ஆற வெச்சு, துணிய நனைச்சுத் துடைச்சேன். அதுல ஒண்ணும் தப்பில்லையே? அப்புறம் அம்மா எங்க ஊர்ப் புனிதக் கிணத்துத் தண்ணி வேற அனுப்பி வெச்சாங்க. மாதா மாதிரியே பாட்டில், நீலக் கிரீடம்தான் மூடி. சின்ன வயசுல என் கையில பாலுண்ணி வந்தப்ப அந்தக் கிணத்துல முக்கித்தான் போச்சு. மாதாவோட கிரீடத்தத் திருகி, மொத்தத்தையும் பீப்பாய்ல கவுத்துட்டேன். கவுத்ததுக்கு அப்புறம் ஞாபகம் வருது, சிஸ்டர் கொலம்பா வகுப்புல சொன்னது. மந்திரிச்ச தண்ணியில சாதாரணத் தண்ணி கொஞ்சமாத்தான் சேக்கலாம், அது கூடிப் போச்சுன்னா மந்திரிச்சதும் போச்சுன்னு. ஒரு பாட்டிலு, ஒரு பீப்பாய். கணக்குல நான் எப்பவும் மோசம்.

சிரிங்க, சிரிக்கத்தான் சொன்னேன்.

பொளக். இப்பக் கேட்டுச்சுல்ல? ஆங். அப்ப எனக்கு மட்டும் கேக்கற சத்தம் இல்ல, நல்லவேளை.

இருங்க, ஏன் கோட்டை எடுக்கறீங்க? எடை பாத்துட்டீங்க, நல்லா ஏறியிருக்கான்னு சொல்லிட்டீங்க, உங்களுக்கும் பாக்க வேண்டிய வீடு இன்னும் இருக்கும். தெரியும். ஒரே ஒரு உதவி. பின்கதவு மேல பாருங்க, புதுத் தாழ்ப்பாள். உச்சியில. திருட்டு பயம்னு சொல்லி ஃபெர்கலை மாட்டச் சொன்னேன். இவ்வளவு உயரத்துலயா, நீ எக்கினாலும் எட்டாதேடி குள்ளச்சின்னாரு. எட்டக் கூடாது, அங்கயே மாட்டுங்கன்னேன். அவரு இருக்கிற ராத்திரியில அவரே போட்டுடுவாரு. இன்னைக்கு மத்தியானம் கப்பலுக்குப் போயிட்டாரு. அது நடந்ததுக்கப்புறம் நான் தனியா இருக்கிற முதல் ராத்திரி இதான். நீங்க நல்ல உயரம். உள்ள வர்றப்பவே பாத்தேன், விளக்குல தலை இடிச்சுக்கப் பாத்தீங்க.

எதுக்கப்புறமா?

போன வாரம். ஃபெர்கல் மாடியில தூங்கறாரு. நானும் தூங்கிட்டுத்தான் இருந்தேன், சத்தியமா. கால்ல குளிர் ஏறுனப்பத்தான் முழிச்சேன். பீப்பாய்கிட்ட நிக்கறேன். டோனல் என் கையில, உடம்புல துணியில்ல. அவன் காலு ரெண்டும் தண்ணிக்குள்ள இருக்கு. நான் ஏதோ பாட்டு முணுமுணுத்துட்டு இருக்கேன். கதவை எப்பத் திறந்தேன், தெரியல. அவன் அழவேயில்ல நர்ஸம்மா, என்னையே பாத்துட்டு இருந்தான். இன்னும் கொஞ்சம் இறக்கியிருந்தேன்னா...

வாரிச் சுருட்டிட்டு உள்ள ஓடி வந்து விடியற வரைக்கும் மார்லயே வெச்சிருந்தேன். சூடாயிட்டான். நீங்கதான் இப்பப் பாத்தீங்களே, நல்லாத்தானே இருக்கான்? நல்லாத்தானே இருக்கான்?

ஆனா நெஜமான பயம் அன்னைக்கு ராத்திரி வரல. மறுநாள் காலையில வந்துச்சு. டோனல் கால்ல தடிப்பு குறைஞ்சிருந்துச்சு. நெஜமாத்தானா, எனக்குத்தான் அப்படித் தெரிஞ்சுதான்னு சொல்லத் தெரியல. முழங்காலுக்குக் கீழ வெளுப்பு, மேல செவப்பு. அதைப் பாத்து எனக்கு சந்தோஷமா இருந்துச்சு. கழுத்துக்கும் ஆகுமேன்னு ஒரு நினைப்பு வந்துச்சு பாருங்க, அந்த நினைப்புதான்.

பீப்பாயக் கவுக்கலயான்னா, அன்னைக்கே கவுத்துட்டேன். அடுத்த நாள் காலையில பாத்தா நிமுந்து நிக்குது, கூரைக் குழாய்க்கு நேரா. ஃபெர்கல்கிட்டக் கேட்டேன், நான் தொடவே இல்லையேன்னாரு. அதுக்கப்புறம்தான் தாழ்ப்பாள். அதுக்கப்புறம்தான் நாற்காலியெல்லாம் மொயா வீட்டுக்கு. அவருகிட்ட இன்னும் சொல்லல. சொன்னா பிள்ளைய எங்கிட்ட இருந்து வாங்கிட்டுப் போயிடுவாங்களோன்னுதான்... வாங்கிட்டுப் போவாங்களா?

சரி. கைய விடாதீங்க. எழுதுங்க, எழுத வேண்டியத எழுதுங்க. போன் பண்ணணுமா, பண்ணுங்க, யாருக்கு வேணாலும் பண்ணுங்க. அவங்க வர்ற வரைக்கும் நீங்களும் இருப்பீங்கல்ல? இங்கதான? அப்பன்னா மொதல்ல அந்தத் தாழ்ப்பாள். டோனலை நீங்க வெச்சுக்கங்க, எங்கிட்டக் குடுக்காதீங்க, ஒரு கையிலயே எட்டும் உங்களுக்கு. இன்னும் மேல. கொஞ்சம் இறுக்கமா இருக்கும், புதுசுல்ல, வேகமாத் தள்ளுங்க.

ஆங். தாழ் விழுந்துடுச்சு.