ஏறாத மாடிக்கு ஆறு ஆண்டு வரி

இந்த மேடைக்கு அழகும் அந்த ஆடும் நாற்காலிக்கு நிதானமும் தந்து அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே, தவணை தவறாமல் வரி கட்டித் தலைநிமிர்ந்து வந்திருக்கும் பெரியோர்களே, அடுப்பை அணைத்தோமா என்ற கவலையை அடக்கிக்கொண்டிருக்கும் தாய்மார்களே, இரண்டாம் வரிசையில் கைகட்டி என்னைக் கண்காணிக்கும் எதிர்வீட்டு டீச்சர் அவர்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

"வீட்டு வரியை வருமான வரியில் கழிப்பது எப்படி?" நம் வீட்டு உரிமையாளர் சங்கம் எனக்குத் தந்த தலைப்பு. எளிது. கட்டிய ரசீதைக் காட்டினால் கழியும். ஆனால் நான் கட்டியது யார் வீட்டு வரி?

எட்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு பெயின்டர், என் கேட்டையும் டீச்சர் கேட்டையும் ஒரே நாளில் அடித்தார். காய்ந்ததும் எண் பலகைகளை மாட்டினார். என் பதினான்கு அங்கே போனது. அவர் பதினைந்து இங்கே வந்தது. யாராவது கவனித்தோமா? அங்கே சிரிப்பவரே, உங்கள் வீட்டு எண்ணை நீங்கள் கடைசியாகப் பார்த்தது எப்போது?

பெயர் போட்ட கடிதங்களைத் தபால்காரர் ஆளறிந்து தந்துவிடுவார். வரி நோட்டீசில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். வந்ததை நான் கட்டினேன். வந்ததை அவர் கட்டினார். இருவரும் ஆண்டுதோறும் கழித்தோம்.

இதற்கிடையில் டீச்சர் மாடி எழுப்பினார். என் வாசலுக்குக் காலை வெயில் வருவது நின்றது. நான் கத்தினேன், அவர் கதவைச் சாத்தினார். ஆறு ஆண்டுகள் பேச்சில்லை. மாடி எழும்பிய ஆண்டே என் வரி ஏறியது. ஏன் என்று கேட்டேனா? விலைவாசி என்று நினைத்தேன்! என் வெயிலை மறைத்த மாடிக்கு, என் கால் படாத மாடிக்கு, என் வயிற்றெரிச்சல் முழுவதையும் வாங்கிக்கொண்ட மாடிக்கு, நானே வரி கட்டிக்கொண்டிருந்தேன்!

சென்ற மாதம் வருமான வரி அதிகாரி என் பத்திரத்தையும் ரசீதையும் அருகருகே வைத்தார்.

"பத்திரத்துல பதினாலு. ரசீதுல பதினஞ்சு. நீங்க எந்த வீட்டுலம்மா இருக்கீங்க?"

"எங்க வீட்டுலதான் சார்."

"கட்டினவங்களும் வீட்டுக்காரங்களும் ஒரே ஆளா இருந்தாதான் கழிவு."

"அப்ப வீட்டை மாத்திக்கிறோம் சார்," என்றார் கூட வந்திருந்த என் கணவர்.

அதிகாரி சிரிக்கவில்லை. விதிப்புத்தகத்தைப் புரட்டினார்! "மாத்தலாம். ஆனா முன்தேதி போட முடியாது."

கடைசியில் ஒரு வழி சொன்னார். "நல்லுறவில் உள்ள அண்டை வீட்டாராகிய நாங்கள் ஒருவருக்காக ஒருவர் கட்டினோம்" என்று இருவரும் வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்திட வேண்டும். தவறினால், கழித்ததையெல்லாம் அபராதத்தோடு திருப்பிக் கட்ட வேண்டும். என் மகளைக் கல்லூரியில் சேர்க்க வைத்திருந்த பணம் அதற்கே சரியாகிவிடும்.

கடிதத்தோடு தெருவைக் கடந்தேன். டீச்சர் சிவப்புப் பேனாவை எடுத்து இரண்டு பிழைகளைத் திருத்தினார். பிறகு "நல்லுறவில்" என்பதைச் சுழித்தார்.

"இது பொய். பொய்க்கெல்லாம் நான் கையெழுத்து போட மாட்டேன்."

"உங்க கழிவும்தான் போகும் டீச்சர்!"

"போகட்டும். உண்மையாக்கு, போடறேன். இன்னைக்குப் புதன்தானே?"

கேட்டீர்களா அநியாயத்தை? இரண்டு நாளில் நல்லுறவு!

அங்கேயே தொடங்கினோம். ஆறு ஆண்டு பாக்கி வைத்த சண்டையை முழுதாகப் போட்டோம். "வா மேல, நீ வரி கட்டின இடத்தை நீயே பாரு!" என்று இழுத்துப் போனார். மாடியிலிருந்து என் வீட்டைப் பார்த்தேன். மணி பதினொன்று. என் வாசல் முழுவதும் வெயில்! தினமும் அந்த நேரத்தில் நான் அலுவலகத்தில் இருப்பேன். ஞாயிற்றுக்கிழமை என்ன ஆயிற்று என்று கேட்கிறார் அந்த அம்மா. தூக்கம் தாயே, தூக்கம்!

"மன்னிச்சிடுங்க டீச்சர்."

"சத்தமா சொல்லு."

சொன்னேன். அவரும் கதவைச் சாத்தியதற்கு வருந்தினார், சற்று மெதுவாக. ஆனாலும் உடனே கையெழுத்திடவில்லை. "ரெண்டு நாள் தாங்குதான்னு பாப்போம்," என்றார். தாங்கியது. வெள்ளி மாலை நாலே முக்காலுக்கு, அதிகாரியின் மேசையில் கையெழுத்திட்டார்.

"நல்லுறவு உண்மைதானாம்மா?" என்றார் அதிகாரி.

"சந்தேகமா இருந்தா வீட்டுக்கு வந்து பாரு தம்பி!" என்றார் டீச்சர். முத்திரை விழுந்தது.

பெரியோர்களே! பத்திரம் எங்கே, ரசீது எங்கே என்று கேட்கிற சட்டம், ஒரே ஒருமுறை, உன் எதிர்வீட்டோடு நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டுவிட்டது. பதில் தேட எனக்கு இரண்டு நாள் பிடித்தது. உங்களிடம் பதில் இருக்கிறதா? போகும்போது எதிர்வீட்டுக் கதவைத் தட்டுங்கள். கழிவு கிடைக்காவிட்டாலும் தட்டுங்கள். காரணமே இல்லாவிட்டாலும் தட்டுங்கள்!

டீச்சர் கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார். நல்லுறவுக் கடிதம் இன்னும் அமலில் இருப்பதால் கீழ்ப்படிகிறேன். பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி. நீங்கள் கட்டும் வரி உங்கள் வீட்டுக்கே போய்ச் சேரட்டும். வணக்கம்.